ஹினாவுக்கு யார் என்ன செய்தார்கள்? – வாசகர் கேள்வி பதில்

'மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன்' அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடரையும் அதில் வரும் பள்ளிக் கொடுமையையும் பற்றி வந்த கேள்விகள் இந்த முறை. பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: ரேய் கிரியாமா, பதினேழு வயதில் ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கத்தைத் தொழிலாக ஆடுபவன். அப்பா, அம்மா, தங்கை மூவரையும் விபத்தில் இழந்து தனியாக வசிக்கிறான். அவனுக்குச் சோறு போட்டு உட்காரவைப்பது கவாமோட்டோ வீடு. மூத்தவள் அகாரி, நடுப்பெண் ஹினா, கடைக்குட்டி மோமோ, இனிப்புக் கடை நடத்தும் தாத்தா. ஹினாவின் தோழி சிஹோவை வகுப்பில் ஒரு கும்பல் ஒதுக்கிவைக்கிறது. ஹினா தோழி பக்கம் நிற்கிறாள். சிஹோ பள்ளியை விட்டே போய்விட, அடுத்த குறி ஹினா. கீழே கதையின் முடிவுவரை பேசியிருக்கிறோம். இனிமேல்தான் பார்க்கப்போகிறேன் என்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

ஹினாவின் பகுதி மட்டும் போதும் எனக்கு. முதல் சீசனைத் தாண்டிவிடலாமா? – கல்லூரி மாணவி

தாண்டலாம், ஆனால் பாதிதான் கிடைக்கும். மொத்தம் 44 எபிசோடுகள். முதல் 22 ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சியில் 2016 அக்டோபரிலிருந்து 2017 மார்ச் வரை வந்தன. அடுத்த 22, 2017 அக்டோபரிலிருந்து 2018 மார்ச் வரை. ஹினாவின் கதை இரண்டாவது சீசனின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஆனால் முதல் சீசனில், பள்ளி மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் ரேய்யைப் பார்த்தவர்களுக்குத்தான் அவன் ஏன் ஹினாவுக்காக அப்படித் தவிக்கிறான் என்பது புரியும். ஷோகி தெரியாவிட்டால் பரவாயில்லை. காய் நகர்த்துவது புரியாமலேயே ஆடுகிறவன் முகத்தை வைத்துப் பின்தொடரலாம்.

வகுப்பே சேர்ந்து ஒருத்தியை ஒதுக்குவது, டீச்சர் பார்த்தும் பார்க்காததுபோல் போவது எல்லாம் கதைக்காக ஊதிப் பெரிதாக்கியதுதானே? – பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

இல்லை. ஜப்பானியப் பள்ளியின் அமைப்பு தெரிந்தால் அது ஏன் அப்படி நடக்கிறது என்று புரிந்துவிடும். அங்கே ஏப்ரலில் வகுப்பு பிரிப்பார்கள். மறு மார்ச் வரை அதே அறை, அதே முப்பது சொச்சம் பேர். பெரும்பாலான பாடங்களுக்கு ஆசிரியர்தான் மாறி மாறி வருவார், பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். வகுப்பைப் பெருக்குவது, சுற்றுலா போவது எல்லாம் குழுக் குழுவாக. ஒரு குழுவும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைக்கு ஒளிய இடமே கிடையாது.

வாசலில் ஷூவைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, உள்ளே போட்டுக்கொள்ள 'உவாபாகி' என்ற மெல்லிய காலணிக்கு மாறுவார்கள். அலமாரிக்குப் பெரும்பாலும் பூட்டு இருக்காது. பள்ளி அனிமேக்களில் முதலில் காணாமல் போவது காலணியாக இருப்பது அதனால்தான். எடுத்தவர் யார் என்று தெரியாது, எடுக்க ஒரு நொடி போதும், தொலைத்தவளோ நாள் முழுக்க எல்லோர் கண்ணிலும் படுவாள். ஹினாவும் ஒருநாள் ஷூ காணாமல் போய் அழுதுகொண்டுதான் வீடு வருகிறாள்.

ஆளை இல்லாததுபோல் நடத்துவதற்கு ஜப்பானியப் பேச்சுவழக்கில் 'ஷிகாதோ' என்று ஒரு சொல் உண்டு. ஹனாஃபுடா சீட்டுக்கட்டில் பத்தாம் மாதத்துக்கான சீட்டில் ஒரு மான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். ஷிகா என்றால் மான், தோ என்பது பத்து. சூதாட்டக்காரர்கள் பேச்சிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்த சொல் என்பார்கள். நம் பிள்ளைகள் 'டூ' விடுவதுபோலத் தோன்றும். ஆனால் டூ விட்டவர்கள் மறுநாள் 'பழம்' விட்டுச் சேர்ந்துகொள்வார்கள். ஷிகாதோவில் பழம் கிடையாது.

டீச்சர் விஷயத்துக்கு வருவோம். சமூகவியலாளர் யோஜி மொரிதா 1980களில் இந்தக் கொடுமையை நான்கு அடுக்காகப் பிரித்துக் காட்டினார். நடுவில் பாதிக்கப்படும் பிள்ளை, அடுத்து செய்கிறவர்கள், அதற்கு வெளியே சிரித்து ஏற்றிவிடுகிறவர்கள், கடைசி வளையத்தில் வாய்மூடி நிற்கிறவர்கள். எத்தனை பேர் அடிக்கிறார்கள் என்பதைவிடக் கடைசி இரண்டு வளையம் என்ன செய்கிறது என்பதே கொடுமை நீடிக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது என்பது அவர் வாதம். ஹினாவின் வகுப்பாசிரியை அந்தக் கடைசி வளையத்தில்தான் நிற்கிறார், அவ்வளவுதான். உனக்குத்தான் ஒத்துப்போகத் தெரியவில்லை என்று ஹினாவிடமே திருப்பிவிடுகிறார். கெட்டவராக அவரைத் தொடர் வரையவில்லை. களைத்துப்போனவராக வரைகிறது. பார்க்கிற நமக்கு அதுதான் கூடுதல் பயம்.

அழுகிற ஹினாவுக்கு ரேய் உருப்படியாக என்னதான் செய்தான்? பக்கத்தில் நின்றால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? – அனிமே ரசிகர்

தீராது. தீர்ந்ததாகத் தொடரும் சொல்லவில்லை. பார்க்கிறவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இடம் இது. தாங்கிப்பிடிப்பது ஒரு வேலை, கொடுமையை நிறுத்துவது இன்னொரு வேலை. முதலாவதை வீடும் ரேய்யும் செய்கிறார்கள். இரண்டாவதைச் செய்யப் பள்ளிக்குள் அதிகாரம் உள்ள ஒரு பெரியவர் வரவேண்டியிருந்தது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

ஆற்றங்கரைக் காட்சியைத் திரும்ப ஓடவிட்டுப் பாருங்கள். வீட்டைவிட்டு ஓடிவந்த ஹினா, தனியாக இருப்பது பயமாக இருக்கிறது என்று அழுகிறாள். அதே மூச்சில், செய்ததற்கு வருத்தப்பட மாட்டேன், செய்தது தப்பே இல்லை என்கிறாள். இரண்டும் ஒரே பிள்ளையிடம் ஒரே நேரத்தில் இருக்கிறது. ரேய் 'பயப்படாதே' என்று சொல்லவில்லை, 'அவர்களைக் கண்டுகொள்ளாதே' என்றும் சொல்லவில்லை. சின்ன வயதில் தனக்காக யாரும் பேசாத அந்தப் பையனை இவள் இப்போது காப்பாற்றிவிட்டாள் என்று அவனுக்குப் படுகிறது. கூடவே இருப்பேன் என்கிறான்.

பிறகு அவன் சறுக்குகிற இடம் வருகிறது. அதைத்தான் நாங்கள் அதிகம் ரசித்தோம். ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்ற வேகத்தில் பணம் சேர்ப்பதுவரை கணக்குப் போடுகிறான். அவனுடைய ஆசிரியர் ஹயாஷிதா அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்தி, அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று அவளிடமே கேட்டாயா என்கிற இடத்துக்கு அவனைக் கொண்டுவருகிறார். உதவ வருகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். நம் பதற்றத்தைத் தணிக்க நாம் செய்வதையே உதவி என்று நினைத்துக்கொள்கிறோம்.

கியோட்டோ எபிசோடு அதற்கு நேர் எதிர். ஒசாகாவில் ஒரு போட்டியின் இறுதி ஆட்டத்தை முடித்த கையோடு, வயிற்றுவலி மருந்துகளை வாங்கிக்கொண்டு, பள்ளிச் சுற்றுலாவில் தனித்துவிடப்பட்ட ஹினாவைத் தேடிப்போகிறான். ஆற்றோரம் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அவன் கொண்டுபோனது மாத்திரையும் தன்னையும்தான். அன்றைக்கு அவளுக்கு வேண்டியிருந்த அளவும் அதுதான்.

வயிற்றுவலி என்பது பள்ளிக்குப் போகாமலிருக்கப் போடும் நாடகமாகவும் இருக்கலாமே? – ஒரு அப்பா

வலி நிஜம். குடலுக்கென்றே தனி நரம்புப் பின்னல் உண்டு, மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். பயம் வந்தால் குடலின் அசைவு மாறும், வலியை உணரும் திறனும் கூடும். முதலில் மருத்துவரிடம் காட்டி உடம்பில் வேறு கோளாறு இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு இரண்டு வாரம் வலி வரும் நாளையும் நேரத்தையும் மட்டும் குறித்துவையுங்கள். பள்ளி நாள் காலையில் வந்து பத்து பதினொரு மணிக்கு அடங்கி, விடுமுறையில் எட்டிப்பார்க்காமல் இருந்தால் மருந்தை மாற்ற வேண்டாம், கேள்வியை மாற்றுங்கள். 'ஸ்கூல்ல ஏதாவது பிரச்சினையா?' என்று கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்றுதான் வரும். 'இடைவேளையில யார்கூட இருந்த? சாப்பிடும்போது பக்கத்துல யாரு?' என்று கேளுங்கள்.

என் வகுப்பிலேயே ஒரு பெண்ணை இப்படிச் செய்கிறார்கள். ஹினா மாதிரி எழுந்து நின்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அப்படியானால் நானும் குற்றவாளியா? – ஒன்பதாம் வகுப்பு மாணவி

குற்றவாளி இல்லை கண்ணு. நீ கடைசி வளையத்தில் நிற்கிறாய். அங்கிருந்து ஒரே ஓர் அடி உள்ளே வைத்தாலும் கணக்கு மாறும். கனடாவில் பள்ளி மைதானங்களில் பிள்ளைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில், சக பிள்ளைகள் குறுக்கிட்டபோது 57 சதவீதத் தடவைகளில் சீண்டல் பத்து நொடிக்குள் நின்றது. அவர்கள் சின்ன வகுப்புப் பிள்ளைகள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். உன் வயதில் கும்பல் இன்னும் கெட்டியாக இருக்கும், தனியாக எதிர்த்து நிற்கப்போய் ஹினாவுக்கு நேர்ந்தது நேரவும் செய்யும். அதனால் சத்தம் போடாமல் செய்யக்கூடியதிலிருந்து ஆரம்பி.

சிரிக்காதே, அவளைக் கேலிசெய்து வரும் வீடியோ எதையும் யாருக்கும் அனுப்பாதே. கேலி நடக்கும்போது, 'மிஸ் உன்னைக் கூப்பிடறாங்க, வா' என்று அவளை அங்கிருந்து நகர்த்திக்கொண்டு போ. யாரோடும் மோதவேண்டியதில்லை, கூட்டத்துக்குக் காட்சி கலைந்துவிடும். பிறகு தனியாக, 'நேத்து நடந்தத நான் பார்த்தேன். அது தப்பு' என்று சொல். இந்த இரண்டு வாக்கியம் சின்னதில்லை. தான்தான் எதையோ கற்பனை செய்கிறோமோ என்று அவள் குழம்பிப்போயிருப்பாள், ஒரு சாட்சி கிடைத்தால் அந்தக் குழப்பம் விலகும். 'நான் வேணா உன்கூட மிஸ்கிட்ட வரட்டுமா?' என்று கேள். வேண்டாம் என்றால் அன்றைக்கு விட்டுவிடு, ஆனால் நீ பார்த்ததை நீ நம்பும் ஒரு பெரியவரிடம் சொல்வதற்கு அவள் அனுமதி தேவையில்லை.

'அவங்க சும்மா விளையாட்டுக்குத்தான் செய்யறாங்க', 'நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்' இந்த இரண்டையும் மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதே.

பள்ளியில் போய்ப் பேசினால் 'பார்த்துக்கொள்கிறோம்' என்று அனுப்பிவிடுகிறார்கள். தொடரில் அந்த இரண்டாவது ஆசிரியர் மட்டும் எப்படி முடித்தார்? – ஒரு அம்மா

அவர் பெயர் கொகுபு, அந்த ஆண்டு மாணவர்கள் அனைவருக்கும் பொறுப்பான மூத்த ஆசிரியர். வகுப்பாசிரியை உடைந்துபோன பிறகு வகுப்பைத் தன் கையில் எடுக்கிறார். மாணவர்களோடு சலிக்காமல் பேசுகிறார். கும்பல் தலைவி டாகாகியின் அம்மா வந்து 'ஆதாரம் எங்கே' என்று எகிறும்போதும் பின்வாங்கவில்லை. ஒரே நாளில் ஒன்றும் முடியவும் இல்லை.

ஒரு விஷயம் கவனியுங்கள். இந்தத் தொடருக்கு மூலமான மாங்காவில் (ஜப்பானியப் படக்கதை) ஹினாவின் பகுதி 2012க்குள் வெளிவந்துவிட்டது. ஜப்பானில் பள்ளிக் கொடுமையைத் தடுக்கவென்று தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2013 செப்டம்பரில்தான். ஓட்சு நகரில் 2011இல் ஒரு மாணவன் உயிரிழந்து, பள்ளியும் கல்வி வாரியமும் அதைக் கையாண்ட விதம் பெரும் கண்டனத்துக்கு ஆளான பின்னர் வந்த சட்டம் அது. ஆக, ஹினாவுக்குக் கிடைத்த நல்ல ஆசிரியர் அவள் அதிர்ஷ்டம். சட்டம் அதை அதிர்ஷ்டத்தின் கையில் விடக்கூடாது என்கிறது. பாதிக்கப்பட்ட பிள்ளை வேதனைப்பட்டாளா என்பதை வைத்தே கொடுமையா இல்லையா என்று வரையறுக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் இதற்கென ஒரு குழு இருந்தாக வேண்டும், வகுப்பாசிரியர் தனியாக மூடிவைத்துக்கொள்ள முடியாது. நின்றுவிட்டது என்று எப்போது சொல்லலாம் என்பதற்கும் 2017இல் வழிகாட்டுதல் வந்தது. குறைந்தது மூன்று மாதம் அந்தச் செயல் நடக்காமலிருக்க வேண்டும், பிள்ளைக்கும் வேதனை நீங்கியிருக்க வேண்டும். எந்த நாட்டில் இருந்தாலும் இந்த மூன்று மாத அளவை நீங்கள் கையில் வைத்துக்கொள்ளலாம். மன்னிப்புக் கேட்டார்கள், முடிந்தது என்று பள்ளி சொல்லும்போது, 'மூன்று மாதம் கழித்து மறுபடி உட்கார்ந்து பேசத் தேதி கொடுங்கள்' என்று கேளுங்கள்.

பள்ளிக்குப் போகுமுன் ஒரு நோட்டுப்புத்தகம் போடுங்கள். 'எப்பப் பார்த்தாலும் கிண்டல் பண்றாங்க' என்று எழுதினால் அங்கே நிற்காது. இப்படி எழுதுங்கள்: 'செவ்வாய், காலை 8.20. பை வைக்கும் இடம். தண்ணீர் பாட்டில் குப்பைத் தொட்டியில் கிடந்தது. பக்கத்தில் மூன்று பேர் (பெயர்கள்) சிரித்தார்கள். பின்பெஞ்சுப் பெண் பார்த்தாள். 8.40க்கு மிஸ்ஸிடம் சொன்னது, பார்க்கிறேன் என்றது.' பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள், நீங்கள் திருத்தாதீர்கள். செல்பேசியில் வந்ததை அழிக்குமுன், தேதியும் அனுப்பியவர் பெயரும் தெரிய ஸ்கிரீன்ஷாட். இரண்டு மூன்று வாரத்துப் பதிவு இருந்தால் 'பிள்ளைகளுக்குள் ஏதோ சண்டை' என்ற பேச்சு எழாது. சண்டை என்றால் இரண்டு பக்கமும் மாறிமாறி வரும், இதில் எல்லாம் ஒரே திசையில் வந்திருப்பது தெரியும். அதற்காகப் பிள்ளையைத் தினமும் உட்காரவைத்து விசாரணை நடத்தாதீர்கள். அவளாகச் சொல்லும்போது கேட்டு, பிறகு எழுதுங்கள்.

பேசப் போகும்போது நான்கு பதில் வாங்காமல் எழுந்து வராதீர்கள்: யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்ன செய்வார்கள், அதுவரை இடைவேளையிலும் கழிப்பறைப் பக்கமும் யார் கண் இருக்கும், அடுத்த சந்திப்பு எப்போது. வீடு திரும்பியதும் பேசியதைச் சுருக்கி அவர்களுக்கே எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் தடுத்துவிடுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே அறையில் உட்காரவைத்து 'கை குலுக்கிக்கோங்க' என்று முடிக்கப் பார்ப்பார்கள். சமமான இருவர் சண்டைக்கு அது சரிப்படும். பலம் ஒரு பக்கமே இருக்கும் இடத்தில், பாதிக்கப்பட்ட பிள்ளை எதிரில் இருப்பவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே 'பரவாயில்ல' என்றுதான் சொல்லும். அறையை விட்டு வெளியே வந்ததும் 'போட்டுக்கொடுத்தவள்' என்ற பட்டமும் சேரும். ஒவ்வொருவரையும் தனித்தனியாக, ஒருவரோடொருவர் பேசி ஒரே கதையாகச் சேர்த்துக்கொள்ள நேரம் கிடைக்காதபடி, ஒரே வேளையில் கேட்பதுதான் முறை.

என் மகள்தான் அந்த டாகாகி இடத்தில் இருக்கிறாள் என்று பள்ளியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். – பெயர் வேண்டாம்

கேள்வியே போடாமல் அனுப்பியிருக்கிறீர்கள். எழுதியதற்கே தைரியம் வேண்டும். டாகாகியின் அம்மா முதலில் கேட்டது 'ஆதாரம் எங்கே' என்று. நீங்கள் முதலில் கேட்கவேண்டியது 'என்ன நடந்தது' என்று. மகளிடம் 'ஏன் செஞ்ச?' என்று ஆரம்பித்தால் காரணம் ஜோடிப்பாள். 'நீ என்ன செஞ்ச, பிறகு என்ன செஞ்ச' என்று செயலாக மட்டும் கேளுங்கள். அடிக்காதீர்கள். பலமுள்ளவர் பலமில்லாதவரை அடிக்கலாம் என்ற பாடத்தை நீங்களே நடத்தியதாகிவிடும். செல்பேசி வழியாக நடந்தது என்றால் சில வாரம் அது உங்கள் கையில் இருக்கட்டும். பாழாக்கிய பொருளுக்கு அவள் கைச்செலவுக் காசிலிருந்தே ஈடு போகட்டும். நேரில் போய் மன்னிப்புக் கேட்பதை மட்டும் அந்தப் பிள்ளையும் அவர்கள் வீடும் விரும்பினால் வைத்துக்கொள்ளுங்கள்.

டாகாகி திருந்திவிட்டாள் என்று தொடர் எங்கும் சொல்லவில்லை. கொகுபு அவளோடு பேச்சைத் தொடர்ந்துகொண்டே இருக்கிறார். அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்திருந்தது.

கடைசியில் மன்னிப்புக் கேட்டும் ஹினா மனம் இளகாதது உறுத்தியது. மன்னித்திருக்கலாமே? – மூத்த வாசகர்

ஐயா, மன்னிப்புக் கேட்பது செய்தவர்கள் கடன். மன்னிப்பது ஹினாவின் விருப்பம். கட்டிப்பிடித்து அழுதால் நமக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும், அவளுக்குச் சிஹோ திரும்பி வந்துவிடுவாளா?

அகாரிமேல் எனக்குக் கோபம். தாத்தா 'நீ செய்தது சரி, நெஞ்சை நிமிர்த்தி நட' என்றார். அக்கா ஏன் அதைச் சொல்லவில்லை? – இல்லத்தரசி

சொல்ல முடியவில்லை என்று அவளே பிறகு ரேய்யிடம் அழுகிறாளே. இவ்வளவு வரும் என்றால் அந்தத் தோழிக்காகப் போய் நிற்காமலே இருந்திருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றிவிடுகிறது. தோன்றியதற்காகத் தன்னையே வெறுக்கிறாள். அம்மா இல்லாத வீட்டில் அம்மாவாக இருக்கிற பெண் அவள். தாங்குகிறவர்களுக்கு இப்படி நினைப்பு வருவது இயல்பு. அதைப் பிள்ளை எதிரில் கொட்டாமல் இன்னொருவரிடம் கொட்டினாள் பாருங்கள், அது சரியான இடம்.

நீங்களும் யாரையாவது தாங்கிக்கொண்டிருந்தால் ஒன்று. 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு' என்று பிள்ளை கேட்டால் சத்தியம் செய்யாதீர்கள். 'உன்னைக் கேக்காம ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லியே ஆவேன்' என்று சொல்லுங்கள். இருந்து என்ன பயன் என்பதுபோலப் பேச்சு வந்தால், 'செத்துப்போகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாமல், அன்றைக்கே மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ கூட்டிப்போங்கள்.

பதின்மூன்று வயது மகனோடு சேர்ந்து பார்க்கலாமா? – ஒரு அம்மா

பார்க்கலாம். ஹினாவின் பகுதியை நீங்கள் முதலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஓர் உட்காரலுக்கு இரண்டு எபிசோடு போதும், சுமார் ஐம்பது நிமிடம். நடுவில் நிறுத்திப் பாடம் எடுக்காதீர்கள். முடிந்த பிறகு வேண்டுமானால், 'அந்த வகுப்புல இருந்திருந்தா யார் பக்கத்துல உக்காந்திருப்ப?' என்று ஒரே கேள்வி. அவன் பதில் சொல்லாமல் எழுந்து போனாலும் விடுங்கள், ராத்திரி சாப்பிடும்போது தானாக வரும். கடைசி எபிசோடுகளைத் தவறவிடாதீர்கள். ரேய் படிக்கும் மேல்நிலைப் பள்ளியிலேயே சேர ஹினா நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறாள், அவன் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான். அவளுக்குக் கணக்கு சுத்தமாக வராது.